திங்கட்கிழமை எடுத்த அளவு

நடந்தவை, வரிசையாக:

1. லிட்டில் இந்தியாவில் ஒரு சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு சீலிங் ஆன்டெனாக்கள் பொருத்தினோம். வாக் டெஸ்ட் செய்தவள் நான். தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டவளும் நான்.

2. ஐந்து மாதம் கழித்து, சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் கைப்பேசி அழைப்புகள் பாதியில் அறுந்தன. சில அழைப்புகள் வரவே இல்லை.

3. புகார்கள் விடிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கி மதியம் ஒரு மணிக்கு நின்றன.

4. காரணம் தேடிப் போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

5. மறுநாள் மீண்டும் போனேன். கிடைத்தது. ஒரு மீன்கடையின் மேல்தட்டில், பிஸ்கட் டின் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

6. அந்தப் பெட்டியை அணைக்கச் சொல்ல வேண்டியவள் நான். அவர்கள் அதை வாங்கக் காரணமானவளும் நான்.

இந்த ஆறில் ஒன்றும் நான்கும் ஒரே தவறு. புதிதாகக் களத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

வேலை என்ன வேலை

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாலிடெக்னிக் முடித்து, பகுதிநேரமாகப் பட்டமும் வாங்கியிருந்தேன். கட்டடங்களுக்குள் கைப்பேசி சிக்னல் கிடைக்கச் செய்யும் ஒப்பந்த நிறுவனம் எங்களுடையது. அலுவலகம் புக்கிட் மேராவில், ஒரு பழைய தொழிற்பேட்டையின் நான்காம் மாடியில். களத்துக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர்தான்.

வாக் டெஸ்ட் என்பது பெயரில் உள்ளதுதான். சோதனைக் கைப்பேசிகள் இரண்டு, மடிக்கணினி ஒன்று. கழுத்தில் மாட்டிய தட்டில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கட்டட வரைபடத்தில் நிற்கும் இடத்தைக் குத்திக் குத்தி நடக்க வேண்டும். கோடு முழுக்கப் பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் விழும். தொண்ணூற்றைந்து விழுக்காடு இடங்களில் மைனஸ் 85-க்கு மேல் இருந்தால் தேர்ச்சி. இரண்டு மணி நேரம் நடந்தால் மடிக்கணினியின் சூடு வயிற்றில் ஏறும். அந்தச் சூடு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வேலை முடிந்ததும் சரவணனோடு சாப்பிட்ட பரோட்டாவும் நினைவிருக்கிறது. சரவணன் என் கூட்டாளி. ஏணி, கேபிள், வேன் மூன்றும் அவர் பொறுப்பு. கிண்டல் கூடுதல் பொறுப்பு.

மைனஸ் 85 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெசிபெல் எனும் டிபி கணக்கில் ஒவ்வொரு மூன்று குறைவுக்கும் சக்தி பாதியாகும். ஒவ்வொரு பத்துக்கும் பத்தில் ஒரு பங்காகும். மைனஸ் 95 என்பது மைனஸ் 85-இல் பத்தில் ஒன்று. காகிதத்தில் பத்துதான் வித்தியாசம். கையில் அது பேச முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம்.

அந்தச் சந்தையை நான் ஒரு திங்கட்கிழமை நடந்து அளந்தேன். மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தைகளில் திங்களன்று பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. தரை காய்ந்திருந்தது. எஃகு மேசைகள் கழுவிக் கவிழ்த்ததுபோல் வெறுமையாக இருந்தன. யாரும் இடிக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. புள்ளிகள் அநேகமாக எல்லாம் பச்சை. தொண்ணூற்றெட்டு விழுக்காடு. நான்கு மணிக்கெல்லாம் அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

புகார்

இரண்டாம் எண்ணில் சொன்ன தொல்லை வந்தபோது, எங்கள் வாடிக்கையாளரான நெட்வொர்க் நிறுவனம் எங்களுக்கு ஒரு வரைபடம் அனுப்பியது. சந்தைக்கு எதிர்க் கட்டடத்தின் கூரையில் இருக்கும் டவரின் காது எவ்வளவு இரைச்சலைக் கேட்கிறது என்று காட்டும் படம் அது. வழக்கமாக மைனஸ் 105 அளவில் கிடக்க வேண்டிய கோடு, காலை ஐந்து மணிக்கு மைனஸ் 85-க்குத் தாவி, மதியம் இறங்கியது. இருபது டிபி. நூறு மடங்கு இரைச்சல்.

இங்கே ஓர் அடிப்படை விஷயம். கைப்பேசியில் தெரியும் ஐந்து கோடுகள், டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது என்று மட்டுமே சொல்கின்றன. நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்று அவை சொல்வதில்லை. டவர் வாட் கணக்கில் கத்துகிறது; உங்கள் கைப்பேசி அதன் எதிரே முணுமுணுக்கிறது. முணுமுணுப்பு கேட்க டவரின் பக்கம் அமைதி வேண்டும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் வாசலில் நின்று ரகசியம் சொல்லிப் பாருங்கள். அவர் நன்றாகத் தெரிவார். அவருக்கு ஒன்றும் கேட்காது.

அப்படியென்றால் எங்கோ ஒரு கருவி டவரின் காதில் ஊதுகிறது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். நான் தேதி குறித்தேன். திங்கட்கிழமை.

காரணம் நியாயமாகவே இருந்தது. திங்களன்று சரக்கு இறக்கும் இடம் காலி, வேனை நிறுத்தலாம், கூட்டமில்லாமல் கருவியோடு நடக்கலாம். காலை முழுக்க நடந்தோம். அலைகளைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் கோடு படுத்த படுக்கையாகக் கிடந்தது. பதினொரு மணிக்குச் சரவணன் புகார் பட்டியலை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

“ஏன் கவி, திங்கக்கிழமை ஒருத்தருமே கம்ப்ளெய்ன் பண்ணலயே. நாம மட்டும்தான் வந்திருக்கோம்.”

நான் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். பிறகு, அவர் கேட்காமலே, இன்னொரு திங்கட்கிழமையும் எனக்கு நினைவு வந்தது. அதை அப்போது அவரிடம் சொல்லவில்லை.

செவ்வாய், காலை ஏழு மணி

அதே இடம், ஆனால் அது வேறு இடம். தரை முழுக்கத் தண்ணீர். தெர்மக்கோல் பெட்டிகள் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வண்டிகள், வாளிகள், நூற்றுக்கணக்கான ஆட்கள். தொங்கும் ஆட்டிறைச்சி, மேசை நிறைய மீன். கைப்பேசி அலையின் கண்ணில் மனிதன் என்பவன் நடமாடும் உப்புத்தண்ணீர்ப் பை, மீனும் அப்படியே. உப்புத்தண்ணீர் அலையைக் குடித்துவிடும். பலரும் ஐஸ் கட்டியைத்தான் குற்றம் சொல்வார்கள். உறைந்த ஐஸ் அலையைப் பெரிதாகத் தடுக்காது. உருகி வழிகிறதே, அதுதான் தடுக்கும்.

கையில் யாகி ஆன்டெனா. நடுவில் ஒரு தண்டும் குறுக்கே கம்பிகளும் கொண்டது. காட்டும் திசையிலிருந்து வருவதை மட்டும் நன்றாகக் கேட்கும். ஆனால் எஃகு மேசைகளும் குளிர்ப்பெட்டிகளும் அலையைத் திருப்பித் திருப்பி அடித்ததால் எல்லாத் திசையும் ஒரே திசையாகக் காட்டியது. ஒரு நிலைக்கு மேல் யாகியைச் சரவணனிடம் கொடுத்துவிட்டு, சிறு ஆன்டெனா ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினேன். என் உடம்பும் உப்புத்தண்ணீர்ப் பைதானே. எந்தப் பக்கம் முதுகைக் காட்டும்போது கோடு விழுகிறதோ, எதிரி அந்தப் பக்கம் இருக்கிறான்.

மூன்றாம் வரிசைக் கோடியில், தூணுக்குப் பின்னால் ஒடுங்கிய ஒரு மூலையில், கோடு விழுந்தது. மீன்கடை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா, ரப்பர் காலணியும் ஏப்ரனுமாக, கொடுவாமீனை வெட்டிக்கொண்டிருந்தார். சரவணன் கையில் இருந்த யாகியைப் பார்த்தார்.

“சதையெல்லாம் தின்னுட்டு முள்ள மட்டும் கொண்டு வந்திருக்கியேப்பா. இங்க ரிட்டர்ன் எல்லாம் கிடையாது லா.”

பக்கத்துக் கடைகள் சிரித்தன. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேல்தட்டைப் பார்த்தேன். கறுப்புப் பெட்டி அங்கே இருந்தது. ஒரு பக்கத்துக் கேபிள் கடைக்குள் தொங்கும் சின்ன ஆன்டெனாவுக்குப் போயிற்று. மறுபக்கத்துக் கேபிள், இரண்டு மீட்டர் தள்ளி, காற்று வரும் சாளரக் கம்பியில் கட்டிய இன்னோர் ஆன்டெனாவுக்குப் போயிற்று. இணையத்தில் கிடைக்கும், சிக்னலைப் பெருக்கும் ரிப்பீட்டர். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

அவர் பெயர் மல்லிகா. அக்கா என்றே அழைத்தேன். இது என்ன, எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

கடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் கணவர் குணா அண்ணன் உட்கார்ந்திருந்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் பிற்பகலில் டயாலிசிஸ். மாற்று சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் ஏறி இரண்டு ஆண்டுகள். பொருந்தும் சிறுநீரகம் கிடைத்தால் மருத்துவமனை கூப்பிடும். அண்ணன் எண், அக்கா எண், இரண்டையும் கொடுத்திருந்தார்கள். காலை முழுக்க அந்த இரண்டு கைப்பேசிகளும் இந்த மூலையில்தான் இருக்கும்.

“எடுக்கலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு அந்த நர்ஸ் தெளிவா சொல்லிட்டாங்க மா. புதுசா ஆன்டெனா போட்டீங்க, சரி. எல்லா கடையிலயும் லைன் வந்துச்சு, எங்க கடையில மட்டும் வரல. யார்ட்ட போய் சொல்றது? அதான் மருமகன் இத வாங்கிக் கொடுத்தாரு. மாட்டினதுலேருந்து பாரு, ஃபுல் லைன்.”

அக்கா கைப்பேசியைக் காட்டினார். மீன் செதில் ஒட்டிய திரையில் ஐந்து கோடுகளும் நிறைந்திருந்தன.

அந்த மூலை என் வரைபடத்தில் பச்சை. திங்கட்கிழமைப் பச்சை.

நான் அவரிடம் எண்ணைக் கேட்டு, சற்றுத் தள்ளி எங்கள் ஆன்டெனாவின் கீழே நின்று அழைத்தேன். அவர் கைப்பேசி பலகையின் மேல் கிடந்தது. ஒலிக்கவில்லை. தொடர்பில் இல்லை என்று எனக்கு மட்டும் குரல் வந்தது. மீண்டும் அழைத்தேன். பத்து முறை. மூன்று முறை ஒலித்தது; ஏழு முறை ஐந்து கோடுகளோடு அமைதியாகக் கிடந்தது.

டவர் கூப்பிடுகிறது, கைப்பேசிக்குக் கேட்கிறது, கைப்பேசி ‘இங்கே இருக்கிறேன்’ என்று பதில் சொல்கிறது, அந்தப் பதில் டவருக்குக் கேட்கவில்லை என்று விளக்கினேன். கேட்கவிடாமல் ஊதிக்கொண்டிருப்பது மேல்தட்டில் உள்ள பெட்டி. வெளி ஆன்டெனா வாங்கியதைப் பெட்டி பெருக்கி உள்ளே விடுகிறது. உள்ளே விட்டதை வெளி ஆன்டெனா மீண்டும் கேட்டால் அதையும் பெருக்கும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனால் வீறிடுமே, அதேதான். நம் காதுக்குக் கேட்காது, அவ்வளவே.

“மொதல்ல நல்லாத்தான் வேல செஞ்சுச்சு,” என்றார் குணா அண்ணன். “Spring cleaning-க்கு எல்லாத்தையும் கழட்டினோம். முன்னாடி அந்தக் கோடி ஜன்னல்ல கட்டியிருந்தேன். திரும்ப மாட்டுறப்ப ஏணியில ஏற முடியல. கிட்டவே கட்டிட்டேன்.”

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தையை மூடிக் கழுவுவார்கள். எட்டு மீட்டர் இரண்டு மீட்டராகிவிட்டது. கழுவி முடித்துச் சந்தை திறந்து எத்தனை நாள் என்று கேட்டேன். மல்லிகா அக்கா விரல் விட்டு எண்ணினார். பதினொரு நாள். புகார்களுக்கும் பதினொரு நாள் வயது.

அவர் எண்ணிய விரல்களைப் பார்த்தபடியே நின்றார். நான் நினைத்ததையே அவரும் நினைத்துவிட்டார் என்று தெரிந்தது. இந்தப் பதினொரு நாளில் அந்த அழைப்பு வந்திருந்தால்?

குணா அண்ணன் எழுந்து சுவிட்சை அணைத்தார். அனலைசரில் கோடு விழுந்தது. அந்த மூலையில் கைப்பேசிக் கோடுகளும் விழுந்தன, ஒன்றுமே இல்லாமல். அக்கா கையுறையைக் கழற்றாமலே, மருத்துவமனையைக் கூப்பிட்டுக் கேட்க, கைப்பேசியோடு தெருவுக்குப் போனார். வாடிக்கையாளர் ஒருவர் மீன் விலை கேட்டார். சரவணன் தனக்குத் தெரியாது என்றார்.

பத்து நிமிடம் கழித்து அக்கா வந்தார்.

“கூப்பிடலையாம். ஒரு தடவகூட கூப்பிடலையாம்.” கவிழ்த்த கூடையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். “இதுக்கு சந்தோஷப்படணுமா மா, இல்ல வருத்தப்படணுமா?”

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். உங்கள் கடைக்கு சிக்னல் வராமல் போனது என் தவறு, சந்தை காலியாக இருந்த நாளில் அளந்தேன், சரிசெய்கிறேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்:

“சரி, அது வரைக்கும் போன எங்க வைக்கிறது?”

ஜெயராஜா சார்

எங்கள் திட்ட மேலாளர் ஜெயராஜா சார். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். வீட்டுத் தமிழையே அலுவலகத்திலும் பேசுவார். முடிந்த வேலையின் கோப்பை மீண்டும் திறப்பது எங்கள் தொழிலில் யாருக்கும் பிடிக்காது. வாடிக்கையாளர் ஏற்றுக் கையெழுத்திட்ட சோதனை அது. ரிப்பீட்டர்தான் காரணம் என்று எழுதி முடித்துவிட்டால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் முழுவதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“திங்கட்கிழமை சந்தை பூட்டு எண்டு உமக்குத் தெரியாதோ?”

“தெரியும் சார். அதனாலதான் போனேன். நடக்க வசதியா இருந்துச்சு.”

“அப்ப நீர் சிக்னலை அளக்கேல்லை. உம்மட வசதியை அளந்திருக்கிறீர்.”

பிறகு அறிக்கையில் அதையும் எழுதச் சொன்னார். “ஒளிக்காமல் எழுதும். கீழ என்ர கையெழுத்தும் இருக்கு.”

எழுதினேன். ரிப்பீட்டரை அவர்களே முன்வந்து ஒப்படைத்தார்கள் என்றும் எழுதினேன். அவர்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. கூடுதல் ஆன்டெனாவுக்கு அனுமதி வர மூன்று வாரம் ஆயிற்று.

மூன்று வாரம்

அக்காவின் கேள்விக்கு மறுநாள் காலையே பதில் தேடிவிட்டேன். கூட்டம் நெருக்கும் எட்டு மணிக்கு, அவர் கடையைச் சுற்றி ஓர் அடிக்கு ஓர் அளவு எடுத்தேன். பக்கத்துக் கடைகளில் எண் ஏறி இறங்கியது; ஏழு கடை தள்ளி, தேங்காய்க் கடைத் தூணில்தான் அசையாமல் மைனஸ் 79 கிடைத்தது. அந்தத் தூணில் ஓர் ஆணி. அதில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் இரண்டு கைப்பேசிகள்.

தேங்காய்க் கடைக்காரர் காதர் பாய் பொறுப்பேற்றுக்கொண்டார். மணி அடித்தால் அவர் எடுப்பார், மருத்துவமனை என்றால் குரல் கொடுப்பார், வரிசையில் உள்ள ஒவ்வொரு கடையும் அந்தக் குரலை அடுத்த கடைக்குக் கடத்தும். அவர் இல்லாத நேரத்தில் எதிரே கீரை விற்கும் சீனப் பெரியவர். இரைச்சலுக்கு நடுவே செய்தி சிதையாமல் போக, ஒரே சொல் என்று முடிவு செய்திருந்தார்கள்: “குணா!” அதைத் தவிர வேறெதற்கும் அந்தப் பெயரை வரிசையில் யாரும் கத்தக் கூடாது. எனக்கு யாரும் சொல்லித்தராத அளவுக்கு ஒழுங்கான நெறிமுறை அது.

அந்த மூன்று வாரத்தில் வந்தவை: காப்புறுதி விற்பனை, மகளின் பள்ளித்தோழி, தவறான எண், போலி வங்கி அதிகாரி. போலி அதிகாரியிடம் காதர் பாய் பேசியதை வரிசையே கேட்டது.

“தம்பி, இந்த லைன்ல ஒரு உசுரு இருக்கு. வைக்கிறியா, இல்ல ஒன் ஆத்தா பேரு கேக்கட்டுமா?”

நான் வேலைக்கு முன் இரண்டு மூன்று முறை அங்கே போய் நின்றேன். போக வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பை ஆணியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினால் அன்றைய நாள் சரியாகப் போகும்.

பதின்மூன்றாவது ஆன்டெனா வந்தது. சரவணன் மாட்டினார். நான் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சந்தை மிகவும் நெரியும் நேரத்தில், மடிக்கணினித் தட்டோடு நடந்தேன். ஆயிரம் பேர் இடித்தார்கள். சர்வேயா, ஃப்ரீ கிஃப்ட் உண்டா என்று கேட்டார்கள். புள்ளிகள் முன்போல் அவ்வளவு பச்சையாக விழவில்லை, தொண்ணூற்றாறு விழுக்காடு. அந்த மூலையில் மைனஸ் 74.

கற்றது

அலை பொய் சொல்வதில்லை. கேட்ட நேரத்தில், கேட்ட இடத்தில் உள்ளதைச் சொல்லும். எந்த நேரத்தில் கேட்பது என்பது நம் பொறுப்பு. ஆட்கள் பயன்படுத்தும் நாளில், பயன்படுத்தும் மணியில், அவர்கள் நிற்கும் இடத்தில் அளந்து பாருங்கள். இடிபடுங்கள். எண் சற்றுக் குறையும். அந்த எண்தான் அவர்களுடையது.

இப்போது

நான் களத்தில் இல்லை. திட்டமிடும் பிரிவில், உட்லண்ட்ஸில் ஓர் அலுவலகத்தில், இரண்டு திரைகளுக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன். அன்று நாங்கள் அளந்த 3G நெட்வொர்க் அணைக்கப்பட்டுவிட்டது. நடந்து அளக்கும் வேலையில் பாதியை இன்று வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளே செய்து அனுப்புகின்றன. வயிற்றில் ஏறிய அந்தச் சூட்டை நான் தேடுவேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சனிக்கிழமைகளில் மீன் வாங்க மட்டும் அங்கே போகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை, மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. மல்லிகா அக்கா கடை மூலையில், முதல் மணியிலேயே எடுத்தார். இருவரும் ஏப்ரனோடு டாக்ஸி ஏறினார்கள். கடைசிப் பரிசோதனையில் அந்தச் சிறுநீரகம் பொருந்தவில்லை. பட்டியலில் அடுத்தவருக்குப் போயிற்று. மறுநாள் கடை திறந்திருந்தது.

குணா அண்ணன் பட்டியலில் இருப்பது இது ஒன்பதாவது ஆண்டு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தொடர்கிறது. கைப்பேசிகள் இரண்டும் கடையில்தான் இருக்கின்றன. இரண்டிலும் சிக்னல் வருகிறது.